பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம். வண்டிக்குள் இருக்கும் மின்னூட்டிக்கு எத்தனை ஆண்டு?

பொங்கோல்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனது மின்வாகனம் பதிவு செய்யப்பட்டு இன்னும் மூன்று ஆண்டுகள் நிறைவடையவில்லை. அதிகாரபூர்வ முகவரிடம் புதிதாக வாங்கியது. முகவருடன் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் வண்டியின் பெயரையும் அவர்களின் பெயரையும் இங்கே எழுதாமல் விடுகிறேன்.

எங்கள் புளோக்கின் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் உள்ள மின்னூட்டுச் சாதனத்தில் இரவில் செருகிவிட்டுக் காலையில் கழற்றுவதே இதுவரை வழக்கமாக இருந்தது. சென்ற மாதத்திலிருந்து, செருகிய சில நிமிடங்களில் மின்னூட்டம் தானாக நின்றுவிடுகிறது. கைப்பேசிச் செயலியோ வாகனம் நிறுத்திவிட்டது என்று மட்டும் காட்டுகிறது. சாதனத்தில்தான் கோளாறு என்று எண்ணி அடுத்த புளோக்கில் செருகிப் பார்த்தேன். அங்கும் அப்படியே நின்றது. ஆனால் கடைத்தொகுதியில் உள்ள நேர்மின் (டிசி) விரைவு மின்னூட்டியில் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஏறுகிறது. இதற்கிடையே 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கும்படி ஓர் எச்சரிக்கை திரையில் தோன்றி, மறுநாள் தானாகவே மறைந்தது.

வண்டிக்குள் இருக்கும் மின்னூட்டக் கட்டுப்பாட்டுப் பெட்டியை முழுவதுமாக மாற்ற வேண்டும் என்றும், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றும், எப்போது வரும் என்பதை இப்போது சொல்ல இயலாது என்றும் பணிமனையில் கூறினார்கள். அதுவரை விரைவு மின்னூட்டியைப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். அதற்கு ஆகும் கூடுதல் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை.

எனக்கு விளங்காதது இதுதான். விற்பனைக் கூடத்தில் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். உத்தரவாதப் புத்தகத்தைப் படித்தால் அது உயர் மின்னழுத்த பேட்டரிக்கு மட்டும் உரியதாகத் தெரிகிறது. அப்படியானால் இந்தப் பெட்டி எதன்கீழ் வரும்? சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழைப் பத்து ஆண்டுக்கு எடுத்திருக்கும் ஒருவர், உத்தரவாதம் தீர்ந்த பிறகு இது மீண்டும் பழுதானால் என்ன செய்வது? டிசம்பர் விடுமுறையில் பெற்றோரை அழைத்துக்கொண்டு மலேசியாவின் ஈப்போ வரை செல்லும் திட்டமும் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

யீஷூன் பொறியாளர்

வணக்கம் ஐயா. நான் மின்திறன் மின்னணுவியல் துறையில் வேலை செய்பவன். கார் நிறுவனம் எதிலும் பணியாற்றவில்லை. நீங்கள் சொன்ன அறிகுறிகள் நோயைப் பெருமளவு காட்டிக்கொடுத்துவிட்டன, எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் மாறுமின் (ஏசி) சாதனம் உண்மையில் பேட்டரிக்கு மின்னூட்டுவதில்லை. அது 230 வோல்ட் மாறுமின்னைப் பாதுகாப்பாக வண்டியின் வாசல்வரை கொண்டுவந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒருமுனை இணைப்பில் 32 ஆம்பியர் என்றால் 7.4 கிலோவாட். அதை நேர்மின்னாக மாற்றி, பேட்டரிக்கு வேண்டிய மின்னழுத்தத்திற்கு உயர்த்தும் வேலையை வண்டிக்குள் இருக்கும் மின்னூட்டியே செய்கிறது. கடைத்தொகுதியில் உள்ள விரைவு மின்னூட்டியில் அந்த மாற்றம் வெளியே அந்தப் பெரிய பெட்டிக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுவதால், மின்சாரம் வண்டியின் மின்னூட்டியைத் தொடாமல் நேராகப் பேட்டரிக்குச் செல்கிறது. ஆகவே, மெதுவான சாதனம் இரண்டிலும் நின்று, விரைவுச் சாதனத்தில் தடையின்றி ஏறுகிறது என்றால், பெரிய பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பழுது மாறுமின் வரும் பாதையில் எங்கோ இருக்கிறது.

ஆனால் அந்தப் பாதை முழுவதும் மின்னூட்டி அல்ல. நீங்கள் இரண்டு இடத்திலும் சொந்தக் கேபிளையா பயன்படுத்தினீர்கள்? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது வண்டி மட்டுமல்ல, கேபிளும்தான். மாறுமின் சாதனத்தில் செருகும் டைப் 2 வகைக் கேபிளில் மின்சாரம் செல்லும் கம்பிகளோடு மெல்லிய சமிக்ஞைக் கம்பி ஒன்றும் உண்டு. எத்தனை ஆம்பியர் எடுக்கலாம் என்பதைச் சாதனம் அதன் வழியாக விநாடிக்கு 1,000 முறை துடிக்கும் அலையாகச் சொல்கிறது. அந்தத் தொடர்பு ஒரு கணம் அறுந்தாலும் வண்டி மின்னூட்டத்தை நிறுத்திவிடும். செருகுமுனையில் ஓர் ஊசி தளர்ந்து சூடேறினாலும் வண்டியில் அதைச் செருகும் துளையில் உள்ள வெப்ப உணரி அதையே செய்யும். வேறொருவரின் கேபிளைக் கடன்வாங்கிச் சோதிப்பதற்குச் செலவு ஏதுமில்லை; பெட்டியை மாற்றுவதற்கு முன் பணிமனை இதைச் செய்ததா என்று கேளுங்கள்.

அந்த 12 வோல்ட் எச்சரிக்கைதான் எனக்குக் கவலை தருகிறது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் மின்னூட்டியும், பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்துச் சிறிய 12 வோல்ட் பேட்டரிக்கு ஊட்டும் மாற்றியும் ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. எடை குறைகிறது, குளிர்விக்கும் குழாய் ஒன்றே போதுமானதாகிறது, செலவும் குறைகிறது. பழுதாகும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகப் போகின்றன. இதற்கு ஊரறிந்த எடுத்துக்காட்டு, ஹியுண்டாய், கியா மின்வாகனங்களில் உள்ள ஐசிசியூ என்னும் ஒருங்கிணைந்த பெட்டி. 2024 மார்ச்சில் தென்கொரியாவில் அந்நிறுவனங்கள் ஏறத்தாழ 170,000 வாகனங்களைத் திரும்ப அழைத்தன. அதே மாதம் அமெரிக்காவில் ஹியுண்டாய் 98,878 வாகனங்களையும் கியா 48,232 வாகனங்களையும் அழைத்தன. திடீரென்று எழும் மின்னழுத்தமும், மீண்டும் மீண்டும் சூடாகிக் குளிர்வதும் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டர்களைச் சேதப்படுத்துகின்றன. அதனால் 12 வோல்ட் பேட்டரிக்கு மின்னூட்டம் நின்று, ஓட்டும்போதே படிப்படியாக ஆற்றல் இழப்பு ஏற்படலாம் என்பதே சொல்லப்பட்ட காரணம். மென்பொருளை மேம்படுத்தி, தேவைப்பட்டால் பெட்டியையும் அதன் உருகியையும் மாற்றிக் கொடுத்தார்கள். அது போதவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள், நவம்பரில், ஹியுண்டாய் மீண்டும் 145,235 வாகனங்களையும் கியா 62,872 வாகனங்களையும் அழைக்க நேர்ந்தது. உங்கள் வண்டி இந்த வகையைச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. சேராவிட்டாலும் ஒரே பெட்டிக்குள் இரண்டையும் வைக்கும் அமைப்பு இன்று பரவலானது.

ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங் மாக்-இ வண்டியிலும் கதை இதே போக்கில்தான் சென்றது. விரைவு மின்னூட்டத்தாலும், ஆக்சிலரேட்டரை முழுவதுமாக அடிக்கடி மிதிப்பதாலும் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சுகளான முதன்மைத் தொடுப்பிகள் சூடேறுவதாக 2022 ஜூனில் ஏறத்தாழ 49,000 வண்டிகளை அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். 2023 அக்டோபரில் அவற்றில் ஏறத்தாழ 35,000 வண்டிகளைத் திரும்பவும் அழைத்து உதிரிபாகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. நலிந்த ஓர் உறுப்பின்மீது விழும் பளுவை மென்பொருளால் குறைக்க முடியும், ஆனால் உறுப்பை வலுப்படுத்த முடியாது என்பது என் கருத்து. எனவே உங்களுக்கு வரப்போகும் பெட்டி பழைய வடிவமா, திருத்தப்பட்ட வடிவமா என்று கேட்டு, உதிரிபாக எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகை வாகன ஓட்டுநர்

மேலே எழுதியவர் சொன்னவை சரியாகவே இருக்கலாம், ஆனாலும் படிப்பவர்கள் மிரண்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் அழைக்கப்பட்ட வண்டிகளில் நூற்றில் ஏறத்தாழ ஒன்றில்தான் இந்தப் பழுது உண்மையில் இருக்கும் என்று ஹியுண்டாய் நிறுவனமே மதிப்பிட்டது. நான் தனியார் வாடகை வாகனம் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு ஓட்டிய பெட்ரோல் வண்டிகளில் கியர் பெட்டியும் குளிர்சாதனக் கம்ப்ரசரும் போனதுண்டு. அப்போது யாரும் பெட்ரோல் வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்களைப் போன்ற ஓட்டுநர்களுக்கு உள்ளிருக்கும் மின்னூட்டியைவிட வெளியே இருக்கும் செருகுமுனைதான் அதிகத் தொல்லை. பலர் பயன்படுத்தித் தேய்ந்த முனைகள், கருத்துப்போன ஊசிகள், மழைநீர் புகுந்த கைப்பிடிகள் ஆகியவற்றை அடிக்கடி காண்கிறோம். மின்னூட்டம் முடிந்த பிறகு பூட்டு விடாமல் கேபிள் சிக்கிக்கொள்வதும் உண்டு; பல வண்டிகளில் பூட்டைக் கையால் விடுவிக்க உட்புறம் ஓர் இழுகயிறு வைத்திருக்கிறார்கள், அது எங்கே இருக்கிறது என்பதை ஓய்வாக இருக்கும்போதே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. கைப்பிடி தொட முடியாத அளவு சூடாக இருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ அந்தச் சாதனத்தை விட்டுவிட்டு, அதன் மீது ஒட்டியிருக்கும் பதிவு அடையாளத்தைப் படமெடுத்து, நடத்தும் நிறுவனத்திற்கு அனுப்புங்கள். 2023 டிசம்பர் 8 முதல் நடப்பிலுள்ள மின்வாகன மின்னூட்டச் சட்டத்தின்படி ஒவ்வொரு சாதனமும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நடத்துபவர்களுக்கும் உரிமம் உண்டு. புகார் செய்தால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்னூட்டம் மெதுவாக ஏறுவதெல்லாம் பழுது அல்ல. சில நிறுத்துமிடங்களில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் செருகியிருந்தால் மின்சுமை பகிர்ந்தளிக்கப்படும்.

ஜூரோங் மேற்கு

உத்தரவாதத்தைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். சொந்தத் தேவைக்காகப் படித்துத் தெரிந்துகொண்டவை இவை.

மின்வாகன உத்தரவாதம் பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு அல்லது மூன்று. பேட்டரிக்கு ஒன்று, வண்டி முழுமைக்கும் பொதுவாக ஒன்று, சில நிறுவனங்களில் மோட்டார், இன்வெர்ட்டர் முதலிய இயக்கத் தொகுதிக்குத் தனியாக மற்றொன்று. உள்ளிருக்கும் மின்னூட்டி இந்த மூன்றாவதில் சேர்க்கப்பட்டிருந்தால் உங்களுக்கு நல்ல காலம். பெயர் குறிப்பிடப்படாமல் விடப்பட்டிருந்தால் அது பொது உத்தரவாதத்தோடு முடிந்துவிடும். அந்த வாசகம் தெளிவாக இல்லாவிட்டால், இந்தப் பாகம் எந்தத் தேதிவரை, எத்தனை கிலோமீட்டர்வரை காக்கப்படுகிறது என்பதை முகவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள்; தொலைபேசியில் கிடைக்கும் பதில் பின்னால் பயன்படாது. மாற்றிப் பொருத்தும் புதிய பெட்டிக்குத் தனி உத்தரவாதக் காலம் தொடங்குமா, பழையதன் எஞ்சிய காலம்தானா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பிற நாடுகளில் சில ஆண்டு கழித்து வண்டியை விற்பவருக்கும், பத்து ஆண்டு உரிமைச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கட்டிவிட்டு அதன் கடைசி நாள்வரை ஓட்ட நினைக்கும் நமக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. உத்தரவாதம் ஐந்து ஆண்டில் முடிந்தால் சான்றிதழின் பின்பாதி முழுவதும் நம் பொறுப்பில் வருகிறது. இணை இறக்குமதியாளரிடம், அதாவது அதிகாரபூர்வ முகவராக இல்லாமல் வண்டியை இறக்குமதி செய்து விற்பவரிடம், வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே உத்தரவாதம் கொடுப்பவர் தயாரிப்பாளர் அல்லர். விற்றவரோ அவர் அமர்த்திய நிறுவனமோதான்.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும், பொதுவாக 'லெமன் லா' எனப்படும் சட்டப் பிரிவுகள் கார்களுக்கும் பொருந்தும், பழைய கார்களுக்கும்கூட. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள் குறை தெரிந்தால், அது கொடுக்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவ வேண்டியவர் விற்றவர். ஆறு மாதம் கடந்துவிட்டால் நிறுவ வேண்டியவர் நாம். மூன்று ஆண்டை நெருங்கிவிட்ட உங்கள் நிலையில் அது எளிதல்ல, ஆனாலும் அதே பெட்டிக்குத் தயாரிப்பாளரே வேறு நாட்டில் திரும்பப்பெறும் அறிவிப்பு கொடுத்திருந்தால் அது உங்கள் வாதத்திற்கு வலுச் சேர்க்கும். பேச்சு முறிந்தால் முதலில் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கை நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலும், இரு தரப்பும் இசைந்தால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர்கள் வாதாட அனுமதி இல்லை. கோரிக்கைக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அரசாங்கம் 2030க்குள் 60,000 மின்னூட்ட இடங்களை அமைக்க இலக்கு வைத்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் பேச்சு அந்த எண்ணிக்கையைப் பற்றியே இருக்கிறது. வண்டிக்குள் இருக்கும் மறுமுனை பழுதானால் உதிரிபாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று விற்பனைக் கூடத்தில் கேட்பவரை நான் பார்த்ததில்லை. ஜூரோங்கில் 2023 நவம்பரில் திறக்கப்பட்ட ஹியுண்டாய் நிலையத்தில் ஐயோனிக் 5 மின்வாகனம் உருவாக்கப்படுகிறது. நம் வட்டாரத்தில் பெருமைதான், ஆயினும் வண்டி இங்கே உருவாக்கப்படுவதால் உதிரிபாகமும் அலமாரியில் தயாராக இருக்கும் என்று கருதிவிட முடியாது.

பொங்கோல்வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா சொன்னபடி மைத்துனரின் கேபிளை வாங்கிச் சோதித்தேன். அதிலும் மின்னூட்டம் நின்றது. ஆகவே கேபிள் தப்பித்தது. பணிமனையில் இப்போது பழுதுக் குறியீட்டை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறார்கள்; பெட்டிக்குள் இருக்கும் மாறுமின் பகுதி என்று அதில் இருக்கிறது. திருத்தப்பட்ட வடிவம் வருகிறதா என்ற கேள்விக்குத் தலைமையகத்திடம் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்தது. உத்தரவாதத்தைப் பற்றி ஜூரோங் மேற்கு நண்பர் கூறிய கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

ஈப்போவைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெட்டி வருவதற்குள் விடுமுறை வந்துவிட்டால், விரைவு மின்னூட்டியை மட்டும் நம்பிப் போகலாமா? நெடுஞ்சாலையில் விரைவுச் சாதனங்கள் இருக்கின்றன என்பதால் கேட்கிறேன்.

யீஷூன் பொறியாளர்

போக வேண்டாம் என்பதே என் பதில். மின்னூட்டி மட்டும் போயிருந்தால் விரைவுச் சாதனங்களை வைத்தே சமாளித்துவிடலாம். உங்களுக்கு 12 வோல்ட் எச்சரிக்கையும் வந்திருக்கிறது. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் தொடுப்பிகள் மூடியிருப்பதற்கே 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதற்கு ஊட்டும் மாற்றி நின்றுவிட்டால், பெரிய பேட்டரியில் முக்கால் பங்கு மின்சாரம் இருந்தாலும் வண்டி சில பத்து நிமிடங்களில் படுத்துவிடக்கூடும். வேறு வண்டியிலிருந்து கம்பி கொடுத்து எழுப்பினாலும் அது கொஞ்ச தூரமே ஓடும், ஏனென்றால் சிறிய பேட்டரியை மறுபடி நிரப்புவதற்கு எதுவும் இல்லை. ஈப்போ போகும் வழியில் தஞ்சோங் மாலிமுக்கு அப்பால் மழையில், வயதான பெற்றோரோடு, அந்த நிலை வேண்டாம்.

பணிமனையில் ஒரு சோதனையைக் கேளுங்கள்: வண்டி இயங்கிக்கொண்டிருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். 14 வோல்ட்டுக்கு அருகில் நிலையாக நின்றால் மாற்றி வேலை செய்கிறது, எச்சரிக்கைக்குக் காரணம் சிறிய பேட்டரியின் முதுமையாக இருக்கலாம். நம் ஊர் வெப்பத்தில் ஈய அமில பேட்டரி மூன்று ஆண்டு தாங்குவதே பெரிது, அதை மாற்றுவதும் மலிவு. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால் சிங்கப்பூருக்குள்ளும் அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மாற்று வண்டி கேளுங்கள்.

வாடகை வாகன ஓட்டுநர்

நானும் அவ்வாறே சொல்வேன். மாற்று வண்டி கிடைத்து, அது பெட்ரோல் வண்டியாக இருந்தால், எல்லையைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்கும் பொருந்தும். மின்வாகனக்காரர்கள் அதை மறந்தே போயிருப்பீர்கள். முகவர் கொடுக்கும் மாற்று வண்டியை மலேசியாவுக்குள் கொண்டுசெல்ல அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள், பல இடங்களில் அனுமதிப்பதில்லை. காப்புறுதியில் மேற்கு மலேசியாவிலிருந்து வண்டியை இழுத்துவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.